நான்கு மடிப்பு

“எம்புட்டு நீளம் வேணும் பாய்?” என்று பள்ளிவாசல் மோதினார், சடலத்தைச் சுற்றுகிற கஃபன் துணியை உதறிக்கொண்டே கேட்டார். அப்துல் லத்தீப், இறந்துபோன தம்பி கிடந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், “அஞ்சடி ஏழங்குலம். தலைமாட்டுல ஒரு சாண், கால்மாட்டுல ஒரு சாண் கூட விட்டுக்கங்க” என்றார்.

முப்பது வருஷமாகக் கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்தில் தூண் ஓரமாகத் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிற மனிதர். படியேறி வருகிற ஆளைப் பார்த்ததுமே மார்பு இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று சொல்லிவிடுவார். சந்தேகப்பட்டவர்கள் நாடா போட்டுப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகம்தான் என்று பக்கத்துத் தூண்காரர்கள் சொல்வார்கள்.

மோதினார் கத்திரியை நீட்டினார். லத்தீப் வாங்கித் தானே வெட்டினார். உலகச் சண்டை முடிந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் துணி கண்ட்ரோலில், கூப்பனுக்குத்தான் கிடைக்கிறது. விடிந்ததிலிருந்து நான்கு இடம் அலைந்து, ஜமாஅத்தார் சொல்லிவிட்ட பிறகுதான் இந்த வெள்ளைத் துணி வந்து சேர்ந்தது. வெட்டினால் போதும், தைக்கக் கூடாது. தம்பி நூருல் அமீனுக்கு நடை பழகிய நாளிலிருந்து சட்டை தைத்தவர், ஊசி படாத துணியை இன்றைக்கு முதல்முறையாக அவனுக்கு எடுத்து வைத்தார்.

முற்றத்தில் போர்வைகளைச் சுற்றிக் கட்டி மறைத்து, நடுவில் பலகை போட்டிருந்தார்கள். மோதினார் தண்ணீர் ஊற்ற, லத்தீப் கையில் துணி சுற்றிக்கொண்டு தேய்த்துவிட வேண்டும். தொப்புளிலிருந்து முழங்கால்வரை ஒரு துணி மூடியிருந்தது. அதற்குள் கண்ணால் பார்க்கக் கூடாது, கையை மட்டும் விட்டுக் கழுவ வேண்டும். வலது காலைக் கழுவி முடித்தார். பிறகு இடது பக்கம் கையை விட்டார். இடது கால் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் வரைக்கும்தான் உண்டு. மீதி பர்மா எல்லையில், ராணுவ லாரி கவிழ்ந்த இடத்திலேயே போய்விட்டது.

கை தொடையைச் சுற்றி வந்தது. வந்த கை நின்றுவிட்டது.

லத்தீபின் சாண் ஒன்பது அங்குலம். நாடா கையில் இல்லாத நேரத்தில் அந்தச் சாணை வைத்தே எத்தனையோ அவசர அளவுகள் எடுத்திருக்கிறார். இப்போது தம்பியின் தொடையைச் சுற்றி ஒரு சாண் போனது, அதற்கு மேல் மூன்று விரல்தான் மிச்சம் இருந்தது. பதினோரு அங்குலம்.

“என்ன பாய்?” என்றார் மோதினார்.

“ஒண்ணுமில்ல. ஊத்துங்க.”

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. லத்தீப் இன்னொரு முறை அளந்து பார்த்தார். பதினொன்றுதான். போன மாதம், தன் மகளின் நிக்காஹ்வுக்கு நான்கு நாள் முன்பு, தம்பியின் மரக்காலில் தொடையைப் பிடிக்கிற தோல் உறையை அவர்தான் பிடித்துத் தைத்துக் கொடுத்தார். பதினான்கு அங்குலத்துக்கு. அந்தப் பதினான்குக்குள் இந்தப் பதினொன்று எப்படி நின்றது?

இருபது நாள் காய்ச்சலில் கிடந்தானே, அதில் கரைந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இருபது நாளில் மூன்று அங்குலமா என்று உள்ளே இருந்த தையல்காரர் உடனே கேட்டார்.

அந்த மரக்காலை வீட்டில் எல்லோரும் ‘பூனாக் கால்’ என்றுதான் சொல்வார்கள். பூனாவில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் ஆறேழு மாதம் வைத்திருந்து, செய்து மாட்டி அனுப்பியது. கீழே மரம், முழங்கால் பக்கத்தில் இரும்புக் கீல், அதற்கு மேலே தொடையைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்குகிற தோல் உறை. அமீன் அதை மாட்டிக்கொண்டு ரயிலிலிருந்து இறங்கி, வண்டி வேண்டாமென்று வீடு வரைக்கும் நடந்தே வந்தான். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. அன்றைக்கு உறையின் சுற்றளவு பதினெட்டு.

நாலைந்து மாதத்தில் கயிறு முழுவதும் இறுகி, தோலின் இரண்டு ஓரமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அதற்கு மேல் இறுக்க இடமில்லை. நடக்கும்போது கால் உள்ளேயே நழுவித் தோலை உரசிப் புண்ணாக்கியது. “தோலு வேர்வைல விட்டுருச்சுண்ணே. ஒரு அங்குலம் பிடிச்சுக் குடுங்க” என்றான் அமீன். செருப்புத் தைக்கிறவரிடம் கொடுக்கலாம் என்று வீட்டில் சொன்னதற்கு லத்தீபுக்கு ரோஷம் வந்துவிட்டது. குத்தூசியும் மெழுகு நூலும் வாங்கி வந்து, பின்பக்கம் ஒரு மடிப்புப் பிடித்து, மடிப்பு உடம்பில் உறுத்தாமல் வெளியே நிற்கிற மாதிரி தைத்தார். வெட்டவில்லை. எந்தத் துணியையும் அவர் ஒட்ட வெட்டித் தைத்தது கிடையாது. உள்ளே மிச்சம் விட்டுத்தான் தைப்பார். “ஒடம்பு தேறுனா பிரிச்சு விட்டுக்கலாம்ல” என்பார்.

அது முதல் மடிப்பு, பதினேழு. அடுத்த தை மாதம் பதினாறு. ஆடியில் பதினைந்து. ஒவ்வொரு தடவையும் அமீனே நாடா போட்டு அளவு எடுத்துச் சொல்வான். கடையில் அவனுக்கு அதுதான் வேலை, நின்றுகொண்டு வாடிக்கைக்காரருக்கு அளவெடுப்பது. தன் தொடையை மட்டும் அண்ணன் கண்ணில் காட்ட மாட்டான். லத்தீபும் காட்டச் சொல்லிக் கேட்டதில்லை. காலை இழந்த பிள்ளையிடம் அதைக் காட்டு என்று எப்படிக் கேட்பது?

பழுது பார்க்க வேண்டிய காலை அமீனின் பெண்டாட்டி சைனப் துடைத்து, அறை வாசல் திரைக்கு வெளியே கொண்டுவந்து வைப்பாள். லத்தீப் தைத்து அதே இடத்தில் வைத்துவிடுவார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கணவனுக்கு மூத்தவரிடம் தம்பி பெண்டாட்டி நேருக்கு நேர் பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் லத்தீபின் மனைவி மெஹருன்னிசா நடுவில் நின்று அங்கேயும் இங்கேயும் சொல்வாள். ஆறு வருஷமாக அப்படித்தான். ஒரே சமையல், ஒரே அடுப்பு, ஆனால் சைனபின் குரல் எப்படியிருக்கும் என்று கேட்டால் லத்தீபுக்குச் சொல்லத் தெரியாது.

நான்காவது மடிப்பு நிக்காஹ்வுக்காக. “கல்யாணத்தன்னைக்கு நான் வாசல்ல நிக்கணும்ணே. உக்காந்துக்கிட்டு வாங்கன்னு சொன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரவுக என்ன நெனப்பாக?” என்றான். சொன்னபடி காலையிலிருந்து நின்றான். பட்டாளத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் சலாம் சொல்லி, பன்னீர் தெளித்து, மாப்பிள்ளை அழைப்பில் தெருமுனை வரைக்கும் போய் வந்தான். லத்தீப் பந்தலுக்குள்ளிருந்து தம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தம்பியை என்றா சொன்னேன்? காலை. உறை நழுவுகிறதா, நடை சாய்கிறதா என்று காலையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம்கூட அசையவில்லை. “நம்ம தையல்” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லவும் சொன்னார்.

மறுநாள் அமீன் பாயில் படுத்தான். எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து முதுகில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு நுரையீரலும் போய்விட்டது, காசம் என்றார்.

அமீனைச் சுமந்த சந்தூக்கு தெருமுனை தாண்டும்போது, தகர டிரங்குப் பெட்டி ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடிவந்து கூட்டத்தோடு சேர்ந்துகொண்டான். இடது சட்டைக் கை காலியாகத் தொங்கியது. எழுமலை ஊர்க்காரன் உக்கிரபாண்டி. பட்டாளத்தில் அமீனோடு ஒரே லாரியில் இருந்தவன், பூனாவிலும் அடுத்த கட்டிலில் கிடந்தவன். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது நூறு கடலை மிட்டாயை வாங்கிக்கொண்டு அமீனைப் பார்க்க வந்துவிடுவான். இப்போது ஒன்றும் கேட்காமல் பெட்டியை யாரிடமோ கொடுத்துவிட்டு, இருக்கிற ஒரு தோளைச் சந்தூக்குக்குக் கொடுத்தான். அடக்கம் செய்கிற மையவாடி வரைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை.

மண் தள்ளி, துஆ ஓதி, ஆட்கள் கலைந்த பிறகு வேப்பமரத்தடியில் லத்தீபின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“முந்தாநேத்துதான்ணே, படுத்துக் கெடக்கான்னு லெட்டர் வந்துச்சு. பாக்கலாம்னு கெளம்பி வந்தேன். இப்பிடி வந்து பாப்பேன்னு நெனக்கல.”

லத்தீப் தலையாட்டினார். அவர் கண் உக்கிரபாண்டியின் காலிச் சட்டைக் கையில் இருந்தது. “ஒனக்கும் பூனாவுல ஒரு கை செஞ்சு குடுத்தாகளே?”

“அது கெடக்கு பரண்ல. ரெண்டே மாசத்துல லூசாகி லொடலொடன்னு ஆயிருச்சு. அதைப் பிடிச்சுக் குடுக்க எனக்கு யாரு இருக்கா? ஒங்க தம்பிக்குன்னா அண்ணன் தையக்காரரு. ‘எங்கண்ணன் தைச்சுக் குடுத்துருவாருடா, பூனா டாக்டரே தோத்தாரு’ம்பான்.”

“தோலு விட்டுக்கிட்டே இருந்துச்சு. நாலு தடவை பிடிச்சேன்.”

உக்கிரபாண்டி திரும்பிப் பார்த்தான். “நாலு தடவையா?”

“ஏன்?”

“இல்லண்ணே... டாக்டரு எங்க ரெண்டு பேரையும் ஒக்கார வச்சுத்தான் சொன்னாரு. வெட்டுன எடத்துல ஒரு வருசத்துக்குச் சதை வத்தும், உறை லூசாகும், அதுக்குப் பயப்படாதீகன்னாரு. ஒரு வருசத்துல அது நின்னுரும். அதுக்கு மேலயும் லூசாச்சுன்னா உறையப் பாக்காதீக, ஒடம்பப் பாருங்கன்னாரு.” சொல்லிக்கொண்டே வந்தவன் குரல் தேய்ந்தது. “அவனுக்குத் தெரியும்ணே. ஆவணியில வந்தப்ப இருமுனான். துண்டுல ரெத்தம் இருந்துச்சு. ‘மாப்ள, ஆஸ்பத்திரிக்கு வா போவோம்’னு கையப் பிடிச்சு இழுத்தேன். ‘வீட்டுல காசம்னு வெளிய தெரிஞ்சா எங்கண்ணன் மக கல்யாணம் நின்னுரும்டா. அது முடியட்டும், மறுநாளே வாரேன்’னான். யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான். நானும் மடப்பய, வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன்.”

அவன் ஒற்றைக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். லத்தீபுக்கு அழுகை வரவில்லை. அவனைத் தட்டிக் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை. நிக்காஹ் மடிப்பையும், ஆடி மடிப்பையும், அதற்கு முந்திய தை மடிப்பையும் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் என்பது எந்த மடிப்போடு முடிந்தது?

முதல் மடிப்போடு முடிந்துவிட்டது. மற்ற மூன்றும் காசத்துக்குத் தைத்தவை.

வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அமீனின் அறை வாசல் திரைக்கு மேல் பழைய படுக்கை விரிப்பு ஒன்றையும் கட்டியிருந்தார்கள். உள்ளே சைனப், கணவனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கிற இத்தாவுக்கு உட்கார்ந்திருந்தாள். வெளியே சுவர் ஓரத்தில், எப்போதும் வைக்கிற இடத்தில், பூனாக் கால் நின்றது. யார் கொண்டுவந்து வைத்தார்களோ தெரியாது. பழக்கத்தில் அவளே வைத்திருக்கலாம். பக்கத்தில் அமீனின் பட்டாளத்து மக் இருந்தது. அதில் வேறு யாரும் தண்ணீர் குடிக்க விடமாட்டான். பிள்ளை அழுகிறது, தூக்கம் கெடுகிறது என்று ஒரு வருஷமாகத் தெருப்பக்க அறையில் தனியாகத்தான் படுப்பான். பட்டாளத்துக்காரனுக்கு மிடுக்கு அதிகம் என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். லத்தீபும்தான் செய்திருக்கிறார்.

அவர் திரைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“மெஹரு, உள்ள கேட்டுச் சொல்லு. நிக்காஹ் அன்னைக்கு அந்தக் கால் அவனுக்குச் சரியா இருந்துச்சா? லூசு இல்லையே?”

மெஹருன்னிசா அழுது வீங்கிய கண்ணோடு அவரைப் பார்த்தாள். “இன்னைக்கு இதையாங்க கேப்பீக?”

“கேளு.”

அவள் கேட்பதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்துவிட்டது.

“ஏழு துணி.”

மெல்லிய, கொஞ்சம் கரகரத்த குரல். மெஹருன்னிசா திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தாள்.

“என்ன துணி?” என்று லத்தீப் நேராகவே கேட்டார்.

“தொடையில சுத்துற துணி மச்சான். நீங்க தைச்சுக் குடுத்த பொறகும் சுத்துனாத்தான் நிக்கும். மொதல்ல ஒண்ணு, பொறகு ரெண்டு. நிக்காஹ் அன்னைக்கு ஏழு சுத்திக் கட்டிவிட்டேன்.”

திரைக்கு அடியிலிருந்து ஒரு மூட்டை வெளியே நகர்ந்து வந்தது. துவைத்து மடித்த துணிகள். லத்தீப் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். துணியைப் பார்த்தால் அது எப்போது யார் எடுத்தது என்று அவருக்குத் தெரியும். நீலக்கரை போட்டது, போன வருஷத்துக்கு முந்திய பெருநாளைக்கு அவர் எடுத்துக் கொடுத்த சேலை. பச்சைக் கட்டம், அவள் பிள்ளைப்பேற்றுக்கு வந்தது. கூப்பனுக்கும் துணி கிடைக்காத காலத்தில் உடுத்துகிற சேலையைக் கிழித்திருக்கிறாள். எப்போது பார்த்தாலும் அதே இரண்டு சேலையா என்று மெஹருன்னிசாகூட அவளைக் கேட்டிருக்கிறாள். ஓரம் மடித்துத் தைத்த தையலை எல்லாம் வெளிப்பக்கம் வைத்திருந்தாள், தோலில் உறுத்தாமல் இருக்க. சின்னச் சின்னத் தையல், ஒன்றுபோல இருந்தது. சில துணிகளில் துவைத்தும் போகாத பழுப்புக் கறை இருந்தது.

“கால வெளிய வைக்கிறப்ப இதெல்லாம் எடுத்துருவேன்” என்றது திரை. “புண்ணு பட்ட துணிய நீங்க தொடுற மாதிரி வைக்கலாமா?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை...” என்று ஆரம்பித்த லத்தீப் நிறுத்திக்கொண்டார். எப்படிச் சொல்லியிருப்பாள்? மெஹருன்னிசாவிடம் சொல்லி அனுப்பியிருக்கலாம்.

“சொல்லணும்னுதான் கெளம்புனேன் மச்சான். அவுகதான் வேணாம்னாக. ‘அண்ணன் தையல் நெகிழ்ந்து போகுதுன்னு சொன்ன மாதிரி ஆயிரும், அவரு மனசு ஒடஞ்சு போவாரு, நீயே ஒரு துணியச் சுத்திவிடு’ன்னாக. நானும் ஒங்க தையலுதான் நெகிழுதுன்னு நெனச்சேன். கோவிச்சுக்கிறாதீக.”

“தோலு விடுதுன்னு எங்கிட்டச் சொன்னான்.”

“இளைச்சுட்டீகளேன்னு கேட்டதுக்கு, நடக்காத கால்ல சதை நிக்குமான்னு கேட்டாக. நம்பிட்டேன்.”

லத்தீப் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். பதினெட்டிலிருந்து பதினான்குவரை அமீன் அண்ணனிடம் கொடுத்தான். பதினான்கிலிருந்து பதினொன்றுவரை பெண்டாட்டியிடம் கொடுத்தான். ஊராருக்கெல்லாம் அளவெடுத்த பயல், தன் சாவையும் அளந்து இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறான். இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்க்க, இந்தத் திரையைத் தாண்டி ஒரே ஒரு வார்த்தை போயிருந்தால் போதும். ஆறு வருஷத்தில் அது போகவில்லை. இன்றைக்குப் போயிருக்கிறது.

முதலில் வாய்விட்டு அழுதது மெஹருன்னிசாதான். “எம்மக கல்யாணத்துக்காடா நின்ன? எம்மக கல்யாணத்துக்காடா?” என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். திரைக்கு உள்ளேயிருந்து ஒரு கை வந்து அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டது.

லத்தீப் பூனாக் காலைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் வந்தார். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. மடியில் கிடத்தி, தையல் பெட்டியிலிருந்து பிளேடை எடுத்து நான்காவது மடிப்பின் நூலை அறுத்தார். மெழுகு நூல், நன்றாகத் தைத்த தையல். சுலபத்தில் வரவில்லை. ஒவ்வொரு தையலாகக் கிள்ளி இழுக்க வேண்டியிருந்தது. அது முடிந்ததும் மூன்றாவது. அதன் பிறகு இரண்டாவது. நூல் துண்டுகள் கைலியில் உதிர்ந்தன. பிரித்த இடமெல்லாம் ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன.

உக்கிரபாண்டி வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். “என்னண்ணே செய்றீக?” என்று கேட்டான். லத்தீப் அடுத்த நூலைக் கிள்ளி இழுத்தார்.

முதல் மடிப்புக்கு வந்ததும் பிளேடு நின்றது. அது சரியான மடிப்பு. ஒரு வருஷத்துக்குள் போட்டது, எல்லோருக்கும் வற்றுகிற சதைக்குப் போட்டது. அதைப் பிரிக்கவில்லை. பெட்டியில் கிடந்த நாடாவை எடுத்து உறையைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். பதினேழு. தம்பி நன்றாக இருந்தபோது இருந்த அளவு.

நாடாவை எடுத்ததும் தோல், மடிந்தே பழகியதால், மெல்ல மெல்லப் பழைய மடிப்புகளுக்கே திரும்பியது. லத்தீப் இரண்டு கையையும் உள்ளே விட்டு விரித்துப் பிடித்துக்கொண்டார். அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். தெருவில் ஆட்கள் பள்ளிவாசலுக்குப் போனார்கள். கையை எடுத்தால் மூடிக்கொள்ளும் என்று அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.